சாவிக்கு அன்று லீவு

வெளிநாட்டுக் கம்பெனிகளை இந்த ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிவைக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு எப்போதும் இரண்டு எஜமானர்கள்: ஒருவர் "ஏன் இன்னும் ஆகலை?" என்பார், இன்னொருவர் "இப்ப என்ன அவசரம்?" என்பார். நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தலையாட்டுவதுதான் நம் பிழைப்பு. உங்களில் யாராவது இதே பிழைப்பில் இருந்தால் கையைக் கொடுங்கள், ஒரு சாயா குடித்துக்கொண்டே சேர்ந்து அழலாம்.

என் ஆபீஸ் மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு சுக்கு கோடவுனுக்கு மேல் மாடியில். பாலக்காட்டிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. தமிழில் பேசுவோம், மலையாளத்தில் சண்டை போடுவோம், இங்கிலீஷில் பில் எழுதுவோம். வருகிற கம்பெனிக்கு இடம் பிடிப்பது, லைசென்ஸ் வாங்குவது, ஆள் சேர்ப்பது, கரண்ட் ஆபீஸில் தவம் கிடப்பது எல்லாம் நான்தான். விசிட்டிங் கார்டில் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் போட்டிருக்கிறேன். பஜாரில் விசாலம் சேச்சி என்றால் போதும்.

கடைசியாக வந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று குஜராத்துக்குப் போய்விட்டது, மற்றது சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது. மூன்றாவதாக வந்தவர்கள் ஜெர்மனிக்காரர்கள். மிளகைக் கொட்டினால் கல், காம்பு, பதர் எல்லாவற்றையும் கேமரா வைத்துப் பார்த்துப் பிரித்துத் தள்ளும் மெஷின் செய்கிறவர்கள். ஆசியாவுக்கான தொழிற்கூடத்தை ஒன்று இங்கே போடுவார்கள், இல்லை வியட்நாமில். இதுவும் கைநழுவினால் ஷட்டரை இறக்கிவிட்டு, கோயம்புத்தூரில் என் தம்பி நடத்துகிற ஆபீஸில் போய் நான் உட்கார வேண்டியதுதான். தம்பி தங்கமானவன். ஆனால் அங்கே மேனேஜர் அவன் பெண்டாட்டி.

பத்து மணி என்றால்

ஜெர்மனியிலிருந்து முதலில் வந்து சேர்ந்தவர் மத்தியாஸ் என்ற எஞ்சினியர். நல்ல மனுஷன், வாட்டசாட்டமான ஆள், எப்போதும் கையில் ஒரு இன்ச் டேப். இந்த ஊரில் வந்து இறங்கிய அன்றே பஜார் அவர் பெயரை மத்தாயி சேட்டன் என்று திருத்திவிட்டது. உள்ளூர்க் கிறிஸ்தவரை விசாரிக்கிற மாதிரி எந்தச் சர்ச், எந்தப் பங்கு, பெண்டாட்டி வீடு ஆலுவா பக்கமா என்றெல்லாம் சாயாக்கடையில் விசாரித்தார்கள். அவரும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

மெஷினை வைக்கப் பார்த்துவைத்த கோடவுனின் சொந்தக்காரர் ஹம்சா இக்காவிடம் வாடகை பேசப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். மத்தியாஸ் ஒன்பதே முக்காலுக்கே வந்து வாசலில் நின்றார். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. நான் மழையைப் பற்றிப் பேசினேன், மிளகைப் பற்றிப் பேசினேன், பேச ஒன்றும் இல்லாமல் என் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினேன். பதினொன்றேகாலுக்கு ஹம்சா இக்கா அத்தர் வாசனையோடு ஆடி அசைந்து வந்தார். மத்தியாஸ் வாட்சைக் காட்டினார். இக்கா அதை வாங்கிப் பார்த்து, நல்ல வாட்ச் என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பாதி இங்கிலீஷிலும் பாதி மலையாளத்திலுமாக விளக்கினார்:

"மத்தாயி சேட்டா, பத்து மணின்னு சொன்னா பத்து மணிக்கு வரும்னு அர்த்தமில்லை கேட்டோ. பத்து மணிக்கு முன்னாடி வரமாட்டேன்னு அர்த்தம்."

எல்லோரும் இடப்பள்ளியில்

அதற்கப்புறம் பெயின்டர் வந்தார். வரவில்லை என்றும் சொல்லலாம். போன் பண்ணும்போதெல்லாம் "தா, எத்திட்டேன் சேச்சி, வந்துட்டேன், இடப்பள்ளியில டிராஃபிக் பிளாக்" என்பார். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்கும், அவர் மனைவி கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லும் சத்தமும் கேட்கும். ஹைவே ஜங்ஷன் நடுவில் யார் சட்னி அரைக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வரும்.

எலக்ட்ரீஷியனும் இடப்பள்ளியில். கண்ணாடி பொருத்துகிறவரும் இடப்பள்ளியில். ஃபோர்ட் கொச்சியில் வீட்டை வைத்துக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் மட்டாஞ்சேரிக்கு வர இந்த மகானுபாவர்கள் ஏன் காயலைத் தாண்டி இடப்பள்ளி வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்? ஒரு நாள் மத்தியாஸ் போனில் மேப்பைத் திறந்துவைத்து வெகுநேரம் யோசித்தார். கேலி செய்கிற ஆளில்லை அவர், நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார்:

"விசாலம், இந்த ஊரில் வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் எப்போதும் இடப்பள்ளியில்தான் இருக்கிறார்கள். நம் கம்பெனியை அங்கேயே வைத்துவிட்டால் என்ன?"

ஆடு

ஓட்டிக் காட்டுவதற்கான முதல் மெஷின் கப்பலில் வந்து வல்லார்பாடம் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே அது கிடந்த கிடப்பைச் சொன்னால் உங்கள் சொந்தக் கண்டெய்னர் ஞாபகம் வந்து நீங்களும் அழுவீர்கள், விட்டுவிடலாம். ஒருவழியாக லாரி பஜாருக்குள் நுழைந்தது. மரப்பெட்டியைத் தெருவில் இறக்கினார்கள். கோடவுன் வாசலில் யாரோ ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டுப் போயிருந்ததால் உள்ளே கொண்டுபோக முடியவில்லை. ஸ்கூட்டர்காரர் எங்கே இருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இடைவேளையில் ஓர் ஆடு வந்தது. மட்டாஞ்சேரி ஆட்டுக்கு ஆதார் கார்டு ஒன்றுதான் பாக்கி, மற்ற எல்லா உரிமையும் உண்டு. அது பெட்டியைச் சுற்றி வந்து, 'இந்தப் பக்கம் மேலே' என்று ஒட்டியிருந்த காகிதங்களை ஒன்றுவிடாமல் உரித்துத் தின்றது. மத்தியாஸ் நடந்ததை நடந்தபடி ஜெர்மனிக்கு எழுதிவிட்டார். பொய் சொல்ல வராது அவருக்கு, அதுதான் அவரிடம் எனக்குப் பெரிய தலைவலி. அங்கே அவருடைய டைரக்டர் உர்சுலா என்றொரு அம்மாள். ஆசியத் தொழிற்கூடம் எந்த நாட்டில் என்று முடிவு செய்யப்போகிறவரும் அவர்தான். அவரிடமிருந்து ஒரே ஒரு வரி பதில் வந்தது:

"அந்த ஆடு யாருடைய பொறுப்பில் வேலை செய்கிறது?"

பத்திரமான இடம்

மெஷினை ஓட்ட நான் சேர்த்துக்கொடுத்த மெக்கானிக் முருகேசன். அவன் தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், வாசிக்க எழுத மலையாளம். கெட்டிக்காரன், கொஞ்சம் வாயாடி. மத்தியாஸிடம் ஒரு மாதம் வேலை பழகினான்.

பழகி முடிந்ததும் மத்தியாஸ் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, கன்னிகாதானம் பண்ணிக்கொடுக்கிற மாதிரி, மெஷினின் சாவியை அவன் கையில் கொடுத்தார். அதைப் போட்டுத் திருப்பினால்தான் மெஷினுக்கு உயிர் வரும். கள்ளச்சாவி போட முடியாது. வேலை இல்லாத நேரத்தில் அது மெஷினில் இருக்கவே கூடாது, உனக்குத் தெரிந்ததிலேயே பத்திரமான இடத்தில் வை என்றார். நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். முருகேசன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினான். இன்னொரு சாவி உண்டா என்று கேட்டான். உண்டு, ஜெர்மனியில் லாக்கரில் இருக்கிறது என்றார் மத்தியாஸ் பெருமையாக. முருகேசன் என்னைப் பார்த்தான்.

"இங்க மழை பெஞ்சா குடை துபாய்ல இருக்குன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு, சேச்சி!"

வருகிறது வேறு, சாவி வேறு

உர்சுலா அம்மாள் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. காலையில் கோடவுனில் மெஷின் ஓடுவதைப் பார்ப்பார், ராத்திரி ஹனோய்க்கு ஃப்ளைட். அங்கே போய் வியட்நாம்காரர்கள் இடத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். அவர் குறித்த நாள் மகாநவமி. மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஹனோய் காத்திருக்காது என்று பதில் வந்தது. சரி, நவமியில் வேலை செய்ய ஆள் வரவேண்டுமே என்று முருகேசனிடம் கெஞ்சினேன். "அதுக்கென்ன சேச்சி, வந்துடறேன்" என்றான். சொன்னபடி வந்தான், குளித்து, சந்தனம் வைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டைரக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே. எனக்கு வாழ்க்கையில் நம்பிக்கையே பிறந்துவிட்டது.

சாவி எங்கேடா என்றேன்.

இங்கே அஷ்டமி சாயங்காலம் புஸ்தகம், கருவி எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிட்டால், தசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். படிக்கிறவன் படிக்கமாட்டான், ஸ்பானர் பிடிக்கிறவன் ஸ்பானர் பிடிக்கமாட்டான். முருகேசன் தன் ஸ்பானர் செட்டையும், மகளின் பாடப் புஸ்தகங்களையும், கூடவே ஜெர்மன் சாவியையும் ஒரு பட்டுத் துணியில் முடிந்து அவர்கள் தெரு மாரியம்மன் கோவிலில் பூஜைக்கு வைத்திருந்தான். சோறு போடுகிற சாவியை வைக்காமல் வேறு எதை வைப்பது என்று என்னையே கேட்டான். பத்திரமான இடம் என்று மத்தாயி சேட்டன்தானே சொன்னார் என்றும் கேட்டான். எனக்குக் கோயம்புத்தூர் ஆபீஸும் அதில் தம்பி பெண்டாட்டிக்குப் பக்கத்து நாற்காலியும் கண்ணெதிரே தெரிந்தன. "வரேன்னு சொன்னியேடா பாவி!" என்று கத்தினேன். அவன் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

"நான் வரமாட்டேன்னு சொல்லலையே சேச்சி. வந்தாச்சு. சாவிதான் இன்னிக்கு வராது."

யார் எடுப்பது?

மத்தியாஸையும் இழுத்துக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன். வழியில் ஹம்சா இக்காவும் சேர்ந்துகொண்டார். இந்த மாதிரி சமாசாரம் என்றால் மனுஷன் நேரம் தவறவே மாட்டார். சன்னதியில் துணி மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. தெருவே தன் பிழைப்பை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தது: கொத்தனார் கொலுறு, கத்தரிக்கோல், தையல் மெஷின் தலை, யாரோ ஒரு பையனின் லேப்டாப். நம் மூட்டை அடியில் எங்கேயோ இருந்தது. பூசாரி நல்லவர். எடுக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் தான் எடுக்கப்போவதில்லை, எடுக்கத் துணிகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

நான் முருகேசனைப் பார்த்தேன். அவன் அம்மனைப் பார்த்தான். நானே எடுக்கலாம்தான். சாமிக்குப் பயப்படுகிற ஜாதி இல்லை நான். ஆனால் கோவில் வாசலில் நின்றிருந்த பெண்கள் பக்கம் திரும்பியதும் என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. அப்போது மத்தியாஸ் ஒரு யோசனை சொன்னார். இது தன்னுடைய நம்பிக்கை இல்லையே, தான் எடுத்தால் தோஷம் இல்லையல்லவா என்று ஷூவைக் கழற்றப் போனார். ஹம்சா இக்கா அவர் தோளில் பாசமாகக் கை போட்டார்.

"எடுத்தோ மத்தாயி சேட்டா, எடுத்தோ. நாளைக்குக் காலம்பற எல்லா சேனல்லயும் உங்க முகம் வரும். கம்பெனிக்கு விளம்பரச் செலவு மிச்சம்."

சுமார்

உர்சுலா அம்மாள் சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளை முடி, கண்ணில் சிரிப்பே இல்லை. நான் கரண்ட் இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். தலைக்கு மேல் ஃபேன் பிரமாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் மத்தியாஸ், சாவி கடவுளிடம் இருக்கிறது, நாளைக் காலையில்தான் தருவார் என்று உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்துவிட்டார்.

அந்த அம்மாள் நேரே முருகேசனிடம் போனார். இதனால் உன் வேலை போகலாம், இவர்கள் எல்லோருடைய வேலையும் போகலாம், தெரியுமா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். முருகேசன் தலையாட்டினான். "தெரியும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு சாவி இந்த இடத்துல இருக்கும்னு சொல்லுங்க சேச்சி. ஆறுன்னா ஆறு" என்றான். இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் நேரத்தை இங்கிலீஷில் சொல்லும்போது 'சுமார்' என்று ஒரு வார்த்தையை நானே சேர்த்துவிடுவது வழக்கம். தொழில் தர்மம். உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கு என்னவோ சேர்க்க மனசு வரவில்லை. ஆறு என்றே சொன்னேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். முடிந்தது கதை என்று நான் அங்கிருந்த சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான், ஆடு தின்றதைக்கூட மேலிடத்துக்கு மறைக்காமல் எழுதிய நம் மத்தியாஸ், தன் டைரக்டரின் முதுகைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்:

"மேடம், நம் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள்தானே, அன்றைக்கு உங்கள் தோட்டத்தில் மெஷினை ஓட்டிப் புல் வெட்டுவீர்களா? பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடமாட்டாரா?"

ஆறு

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹோட்டலுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க நான் யாரை எல்லாம் திட்டினேன் என்று எழுதினால் இதைப் பத்திரிகையில் போடமாட்டார்கள். அம்மனையும் இரண்டு வார்த்தை கேட்டேன். தம்பிக்குப் போன் பண்ணி, அங்கே எத்தனை மணிக்கு ஆபீஸ் திறப்பீர்கள் என்று பேச்சுவாக்கில் விசாரித்தும் வைத்தேன்.

தசமி காலையில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் போனேன். கோடவுன் வாசலில் உர்சுலா அம்மாள் நின்றிருந்தார். கையில் சாயா கிளாஸ், பக்கத்தில் அந்த ஆடு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டிருந்தார்கள். ராத்திரி ஃப்ளைட்டில் அவர் ஏறவில்லை! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கோடவுனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மத்தியாஸிடம், புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். புகையே இல்லையே என்றார். அதுதான் சொன்னேனே, அந்த மனுஷனுக்குப் பொய் ஒத்துவராது.

கோவில் பக்கம் குழந்தைகள் அரிசியில் முதல் எழுத்து எழுதமாட்டேன் என்று அழுகிற சத்தம். அதோடு செருப்புச் சத்தம். முருகேசன் ஈர வேட்டியோடு தெருமுனையிலிருந்து ஓடிவந்தான். சாவியில் சந்தனம், ஒரு துண்டு செத்திப்பூ. உர்சுலா அம்மாள் வாட்சைப் பார்த்தார். சரியாக ஆறு. மத்தியாஸ் சந்தனத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார், முருகேசன் முறைத்ததும் மடித்து வைத்துக்கொண்டார். சந்தனத்தோடேயே சாவி உள்ளே போயிற்று. மெஷினுக்கு உயிர் வந்தது. கல் ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம், மிளகு கறுகறுவென்று நடுவில் கொட்டியது. நானும் முருகேசனும் சின்னக் குழந்தைகள் மாதிரி கையைத் தட்டினோம்.

எல்லாம் முடிந்து மெஷினை நிறுத்தின பிற்பாடு ஹம்சா இக்கா வந்தார். "கழிஞ்சோ? நான் அப்பவே கிளம்பினேன், இடப்பள்ளியில பிளாக்" என்றார். இவர் வீடு எங்கே என்று உர்சுலா அம்மாள் கேட்டார். மத்தியாஸ் எதிரே இருந்த சந்தின் பக்கம் கையைக் காட்டினார். அந்த அம்மாள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. ஹனோயில் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சரி சரி என்று எழுதிவிட்டார்கள், முடியாததை முடியாது என்று சொல்ல அங்கே ஆளில்லை, அதனால் இனி அங்கே போகவேண்டிய அவசியம் இல்லை, தொழிற்கூடம் இங்கேதான், முருகேசன்தான் ஃபோர்மன் என்றார். ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. மத்தியாஸ் கேட்டுவிட்டார். அவர் முருகேசன் கையிலிருந்த சாவியைக் காட்டினார்.

"இந்தத் திட்டம் ஆரம்பித்த நாள் முதல், இந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்த முதல் பொருள் இதுதான்."

ஆக, இந்த ஊரைச் சொன்ன நேரத்துக்கு வேலை பார்க்கவைக்க இத்தனை வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காததை, ஒரு நாள் முழுக்க லீவு எடுத்துக்கொண்ட ஒரு சாவி நடத்திக் காட்டிவிட்டது.